உடம்பைக் கேட்கும் கட்டில்

“மேடையில கண்ணு கலங்கினா நல்லா இருக்கும்,” என்றார் இன்ஜினியர். “அழச் சொல்லல. லேசா. ‘பன்னிரண்டு வருஷமாத் தூங்கலை’ன்னு சொல்ற இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்து. அப்புறம் கைக்குட்டையை எடுத்து...”

“நான் கைக்குட்டை கொண்டு வரலையே,” என்றாள் மனைவி.

“இதைக்கூட நான்தான் யோசிக்கணுமா?” என்று தன்னுடையதை எடுத்து நீட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில் கம்பெனியின் காட்சிக்கூடத்தில், புதுக் கட்டிலின் அறிமுகத்துக்கு வந்த விநியோகஸ்தர்களால் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அவருக்கு இது வாழ்வா சாவா என்கிற நாள். இதற்கு முன் அவர் வடிவமைத்த மூன்று கட்டில்களும் மண்ணைக் கவ்வியிருந்தன. மூன்றாவது, ஆசையாகப் படுத்துப் பார்த்த முதலாளியையே இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டது. ஸ்பேனர் கொண்டுவந்து நட்டுகளைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

வெளியே வந்த முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “அடுத்ததும் ஊத்திக்கிச்சுன்னா உங்க பிரிவையே இழுத்து மூடிடுவேன். ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம்.”

அந்த அடுத்தது தயாரானது. மெத்தைக்கு அடியில் முப்பத்திரண்டு குறுக்குப் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குட்டி மோட்டார், ஒரு சென்சார். படுப்பவரின் தோள் அழுந்தினால் அந்த இடத்துப் பட்டை இறங்கிக்கொடுக்கும். இடுப்புக்குக் கீழே இடைவெளி விழுந்தால் பட்டை எழும்பித் தாங்கும்.

“முதுகெலும்பு பேசும். என் கட்டில் காது கொடுத்துக் கேட்கும்,” என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அடக்கம் என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு. வெளியூர் வேலைக்குப் போனால் மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஓர் அறை. அவருக்கு மட்டும் தனி அறை, அதுவும் தாழ்வாரத்தின் கடைக்கோடியில். தகுதி தெரிந்து நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம்.

சோதித்துப் பார்க்கத் தூக்கம் வராத ஓர் உடம்பு வேண்டும். அது வீட்டிலேயே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மாத்திரை, சூடான பால், மூச்சுப் பயிற்சி, விதவிதமாய் நான்கு தலையணை, எதற்கும் அது மசியவில்லை.

பழைய கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, படுக்கையறையில் மாதிரிக் கட்டிலைப் போட்டார். மாதிரி என்பதால் ஒருவர் படுக்கிற அகலம்தான். “ஆராய்ச்சின்னா தியாகம் இல்லாம நடக்குமா?” என்று மடிக்கணினியும் போர்வையுமாக ஹால் சோபாவுக்குக் குடிபெயர்ந்தார்.

மறுநாள் காலை அலாரம் அடித்து ஓய்ந்தது. மனைவி எழுந்திருக்கவில்லை. பதறிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு சீராக வந்தது. துள்ளிக் குதித்துப் போய்க் கேள்வித்தாளை எடுத்து வந்தார்.

“தோள்ல அழுத்தம்?”

“இல்ல.”

“இடுப்புல வலி?”

“இல்ல. ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொந்த அபிப்பிராயமெல்லாம் கலந்தா கணக்கு கெட்டுப்போயிடும்.”

அடுத்த நாளும் அவள் எதையோ சொல்ல வந்தாள். அன்றைக்கும் கேள்வித்தாளில் அதற்கு இடம் இருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவளும் விட்டுவிட்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் கரைந்தது. சமையலறையிலிருந்து பாட்டு முணுமுணுக்கிற சத்தம்கூட வந்தது. முப்பது நாள் அறிக்கையைப் பார்த்த முதலாளி, இடுப்பு வலியை மறந்து எழுந்து நின்று கை கொடுத்தார்.

இப்போது மேடையில் மனைவியின் முறை.

“பன்னிரண்டு வருஷம்...” என்று ஆரம்பித்தவள் தானாகவே நின்றுவிட்டாள். சொல்லிக்கொடுத்த நிறுத்தம் இல்லை அது. “பகல்ல நின்னுக்கிட்டே கண்ணு சொருகும். அடுப்புல வச்சதை மறந்துடுவேன். யாரு என்ன சொன்னாலும் எரிஞ்சு விழுவேன். என் சுபாவமே அதுதான்னு எல்லாரும் நினைச்சாங்க, நானும் நினைச்சேன். இந்த ஒரு மாசமாத்தான் மனுஷியா இருக்கேன்.”

கைக்குட்டை நிஜமாகவே தேவைப்பட்டது. விநியோகஸ்தர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இன்ஜினியர் தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டார், எல்லாமே தனக்கென்று.

முதலாளி உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு மைக்கைப் பிடித்தார். “ஒரு அறிவிப்பு! இதே கட்டில் இப்ப ரெட்டை அகலத்துல வருது. முதல் கட்டில் இவங்க வீட்டுக்குத்தான், எங்க பரிசா. சாயங்காலமே வந்து மாட்டிக் கொடுத்துடுவாங்க. பாவம், ஹால்ல கிடந்த நம்ம இன்ஜினியர் இனிமே உள்ள போய்ப் படுக்கலாம்!”

கூடம் சிரித்தது. மனைவியின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

“வேண்டாம் சார்.”

“சும்மா கூச்சப்படாதீங்கம்மா.”

“கூச்சமெல்லாம் இல்ல சார். எனக்கு இந்தச் சின்னதே போதும்.”

இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு, “வாயை மூடிக்கிட்டு சரின்னு சொல்லு,” என்று கிசுகிசுத்தார்.

புதுக் கட்டிலின் மேல் வந்தவர்களுக்குச் சந்தேகம் விழுந்துவிடுமோ என்று முதலாளிக்குக் கவலை. சபையைப் பார்த்து உரக்கவே விளக்கினார். “பயப்படாதீங்கம்மா. அதே பட்டை, அதே மோட்டார், அதே சென்சார். உள்ள இருக்கறது எல்லாமே அதேதான்!”

அவள் கணவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மைக்கை வாங்க அவர் கையை நீட்டுவதற்குள் கேட்டுவிட்டாள்:

“இவரோட குறட்டையும் அதேதானே சார்?”