மஞ்சளில் கொஞ்சம் இடம்

இருபது வருஷம் கழித்து நகரம் எப்படியிருக்கும் என்று காட்டும் பெரிய வரைபடம் கல்யாண மண்டபத்துத் தரையில் விரிந்து கிடந்தது. பார்க்க வந்த சனம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறியது. திட்ட அதிகாரி தேன்மொழி மட்டும் செருப்போடு, கையில் நீலப் பெயிண்ட் டப்பாவோடு ஓரமாக நின்றாள். வடக்கே மிஞ்சியிருந்த குடியிருப்புக்கான மஞ்சள் பகுதியையும் கடைகளுக்கான நீலமாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. "வீடு வர்ற இடம் எதும்மா?" என்று கேட்டாள், வாய்க்கால்கரைக் குடிசையிலிருந்து வந்த செல்லக்கிளி. "மஞ்சள்," என்றாள் தேன்மொழி. செல்லக்கிளி நேரே வடக்கே போய், தோளில் தூங்கிய பிள்ளையை மஞ்சளில் கிடத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, "வாசலுக்கு இடம் வேணும்ல," என்று பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். "நேரமாச்சு மேடம், எழுப்பட்டுமா?" என்றார் உதவியாளர். தேன்மொழி டப்பாவை மூடிவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். "வாசல் எந்தப் பக்கம்?" என்று செல்லக்கிளியைக் கேட்டாள்.