காரணம்: சீல் படம் மங்கல்

"ஒரே மாசத்துல நாற்பத்தோரு லாரியை நிறுத்தி வச்சிருக்கீங்க. அத்தனைக்கும் ஒரே காரணம், சீல் படம் மங்கல்! கோளாறு கேமராவுலயா, உங்க கண்ணுலயா?"

ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவிலிருந்து வந்த சுங்க மேலதிகாரி ஓசோர்டோ, தானே ஓட்டி வந்த ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் நோயெமி பகுவாதா. அந்த மலையுச்சி எல்லைச் சாவடியின் ஜன்னலில் உட்காருபவள் அவள்.

"இருக்கட்டும், பாக்கறேன்."

குவாத்தமாலாக்காரர்கள் அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். என்ன சரக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பியது, கதவில் போட்ட சீலின் படம் எல்லாம் லாரிக்கு முந்தி ஹோண்டுராஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஏழே நிமிடத்தில் பச்சை விழும், கேட் திறக்கும். இரண்டு நாட்டையும் இப்படி இணைத்தவர்களில் ஓசோர்டோவும் ஒருவர். அந்த ஏழு நிமிடம் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி.

அதில் கை வைத்தால் சும்மா விடுவாரா? நோயெமியின் வேலைநீக்க உத்தரவை அடித்தே கொண்டுவந்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த வேலை போனால் அந்த மலையில் அவளுக்கு வேறு வேலை கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு சத்தம்.

"மறுபடியும் மங்கலா? ஏழு நிமிஷத்துல பறந்து வர்ற காகிதம், தோன்யா நோயெமிகிட்ட வந்தா மட்டும் முட்டை போட்டு அடைகாக்குது!" தரை ஓடு ஏற்றி வந்த டிரைவர் செல்வின் கத்தினான். அங்கே தோன்யா என்றால் மரியாதையாக 'அம்மா' என்கிற மாதிரி.

"ஒரு மூணு மணி நேரம் ஆகும் தம்பி. போய்ப் படு."

"படுக்கறதுக்கா வந்தேன்?"

திட்டிக்கொண்டே போனவன், லாரிக்கு அடியில் தன் ஊஞ்சல் துணியைக் கட்டினான். படுத்தான். திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஓசோர்டோ குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிரைவர் வந்து, ஒரு வாழைத்தாரை ஜன்னலோரம் சாய்த்து வைத்தான். "போன மாசம் நீங்க பண்ணினதுக்கு, தோன்யா. வீட்டுல அவதான் கொடுத்துவிட்டா." அவன் லாரிக்கு ஏழாவது நிமிடம் பச்சை.

சரிதான், சங்கதி இதுதானா! ஓசோர்டோ அதையும் குறித்துக்கொண்டார்.

"நான் உடனே திரும்பணும். நாளைக்குக் காலையில கூட்டம். என் ஜீப்புக்குப் பச்சை போடுங்க."

"பதிஞ்சுட்டேன் சார். சாவடிக்குள்ள வந்தது எந்த வண்டியா இருந்தாலும், திரும்பிப் போகக் கம்ப்யூட்டர் பச்சை காட்டினாத்தான் கேட் திறக்கணும்னு நீங்கதானே விதி போட்டீங்க? இன்னிக்கு லேட்டாகுது. அதுவரைக்கும் வராந்தாவுல உக்காருங்களேன்."

வராந்தாவில் நாற்காலி இல்லை. ஒரு ஊஞ்சல் துணிதான் தொங்கியது. உத்தரவில் கையெழுத்துப் போடலாம் என்று அதில் உட்கார்ந்தார். மலைப்பனி மெதுவாக உள்ளே வந்தது. எங்கிருந்தோ பலேயாடா ரொட்டி சுடும் வாசனை. துணி ஒரு ஆட்டம் ஆடியது, இன்னொரு ஆட்டம் ஆடியது.

இரண்டு நாட்டுக் காகிதங்களும் கொக்குகளாகி மலைக்கு மேலே பறந்தன. எதற்கும் அவசரமில்லை. ஒரு கொக்கு அவர் நெற்றியில் இறங்கி, சிறகை மடக்கி உட்கார்ந்தது. அம்மா கையை வைத்த மாதிரி இருந்தது.

கண் விழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது.

பதறி எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். "நாலு மணி நேரம்! ஒரு ஜீப்புக்கு நாலு மணி நேரமா? என்கிட்டயேவா?" உத்தரவை மேஜைமேல் போட்டு, பேனா மூடியைக் கழற்றினார். "எதுக்கு நிறுத்தினீங்க? காட்டுங்க!"

நோயெமி திரையைத் திருப்பினாள்.

வந்தவர்: ஓசோர்டோ. தலைநகரிலிருந்து கிளம்பியது: இரவு ஒரு மணி. நிறுத்திவைத்த காரணம்: சீல் படம் மங்கல்.

"என் ஜீப்புக்கு ஏதும்மா சீல்?"

"இல்லதான் சார்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினதா கேட் புத்தகத்துல நீங்கதான் எழுதினீங்க. வந்து நின்னப்ப கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருந்துச்சு. கீழே இறங்கறதுக்குள்ள இருபத்தேழு வளைவு இருக்கு சார்."

"அப்ப இந்த நாற்பத்தோரு பேரும்..."

"முன்னெல்லாம் காகிதம் வந்து சேர ஒரு நாள் ஆகும். எல்லாரும் தூங்கிட்டுத்தான் இறங்குவாங்க. இப்ப ஏழு நிமிஷம். கம்ப்யூட்டருக்கு எங்க சார் தூக்கம் வருது? எப்பக் கிளம்பினாங்கன்னு அதுல பாப்பேன், அப்புறம் மூஞ்சியப் பாப்பேன். டிரைவர் தூங்கலைன்னு எழுத அதுல கட்டம் இல்ல. இருக்கற காரணத்துல இதைத்தான் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஓசோர்டோ வெளியே பார்த்தார். லாரிக்கு அடியில் செல்வின் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் வளைவுகளில் ஏறும்போது, அங்கே உருண்டு செத்தவர்களுக்காக நட்ட சிலுவைகள் எத்தனையைக் கடந்தோம் என்று யோசித்தார். ஒன்றுகூட நினைவில்லை. இரண்டு வளைவுகளில் வண்டியைத் திருப்பியதே நினைவில்லை.

பேனாவை மூடினார். உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பிறகு குனிந்து, ஜன்னல் கம்பிக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"இப்பப் பாத்துச் சொல்லுங்க, தோன்யா. படம் தெளிவா இருக்கா?"

நோயெமி அவர் கண்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பச்சை போட்டாள்.