கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு

"இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க. மேல் கீல்தான் கத்துது" என்றாள் மனைவி, தொட்டிலைப் பார்த்தபடியே.

புருஷன் ஸ்டூல் மேல் ஏறி நின்று எண்ணெய் விட்டான். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். கதவை ஆட்டிப் பார்த்தான், கதவு மூச்சு விடவில்லை. ஆனாலும் அவன் இறங்காமல் அங்கேயே நின்றான்.

ரொட்டிக்கடையில் அடுப்பு பற்றவைப்பது அவன் வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுவான். பகல் முழுக்க வண்டியில் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு அவன் வீடு சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

காலையில் அவன் வாசலைத் தாண்ட வேண்டியதுதான், குழந்தை வீறிட்டுவிடும். அதற்கப்புறம் தூங்கவே தூங்காது. பெண் குழந்தைதான், ஆனாலும் வீட்டில் அதற்குப் பெயர் சேவல்.

"செருப்பைக்கூடக் கையில தூக்கிட்டுத்தான் போறீங்க. அப்பவும் எப்படித்தான் தெரியுமோ உங்க சேவலுக்கு" என்றாள். பிறகு விரலைக் காட்டினாள். துணி சுற்றியிருந்தது. "இன்னைக்கு ஊசி இறங்கிடுச்சுங்க."

தையல் கம்பெனியில் காலர் மடித்துக்கொண்டிருந்தபோது கண் சொக்கியிருக்கிறது. "இன்னொரு தடவை மிஷின் மேல சாமியாடினா வீட்டுக்கே போய் நல்லாத் தூங்குன்னுட்டாரு சூப்பர்வைசர். விளையாட்டுக்குச் சொல்லலைங்க."

அவன் எண்ணெய்க் குப்பியை மூடப் போனான். தகர மூடி கை நழுவிக் கீழே விழுந்து, உருண்டு, கட்டில் காலில் மோதி நின்றது. இருவரும் பதறிப்போய்த் தொட்டிலைப் பார்த்தார்கள். சேவல் அசையக்கூட இல்லை.

"காப்பகத்து அக்கா ஒரு வழி சொன்னாங்க" என்றாள் அவள். கம்பெனியில் பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அந்த அக்காதான். "அழுதா உடனே தூக்கக் கூடாதாம். கொஞ்ச நேரம் அழ விட்டு, வந்து தட்டிக் கொடுத்துட்டுப் போயிடணுமாம். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட விடணுமாம். ஒரு வாரத்துல தானாத் தூங்கப் பழகிடுமாம்."

"அழ விடறதா?"

"ஆசையாவா சொல்றேன்? லீவு நாள்ல மட்டும் மூஞ்சியில வெயில் அடிக்கிற வரைக்கும் தூங்குது. அப்பா வீட்டுல இருக்கிற தைரியம்னு அக்கா சிரிக்கிறாங்க. அப்ப என்கூட இருக்க அதுக்குப் பயமா?"

அவன் கதவை மறுபடியும் ஆட்டிப் பார்த்தான்.

"இன்னொண்ணு சொல்லணும். திட்டாதீங்க." அவள் குரல் இறங்கியது. "காலையில தொடையில ஒண்ணு வெச்சிட்டேன். அடிச்சதும் அழுகையை நிறுத்திட்டு என்னையே பாத்துச்சுங்க. யாரோ அடிச்சிட்டாங்கன்னு என்கிட்டயே சொல்ற மாதிரி பாத்துச்சு."

அவன் ஸ்டூலை விட்டு மெல்ல இறங்கினான். "அதை அடிக்காத. தப்பு அது மேல இல்ல."

"என் மேலதான். வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"உன் மேலயும் இல்ல."

"பின்ன, கதவு மேலயா?"

அவன் குப்பியை அலமாரியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "சரி, அக்கா சொன்னபடி செஞ்சு பாரு. ரொம்ப நாளெல்லாம் ஆகாது. சட்டுனு சரியாயிடும்."

"வந்துட்டாரு பெரிய டாக்டரு" என்றாள். சிரிக்க வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கைக்கெட்டும் தூரத்தில் படுத்தால் தூக்கிவிடுவோம் என்று, பாயைச் சமையலறை வாசலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். படுத்தாளே தவிரத் தூக்கம் வரவில்லை. இன்னும் அழாத குழந்தையின் அழுகை அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தொடையில் விழுந்த அடி, கையை எப்படி மடித்து வைத்தாலும் கையிலேயே இருந்தது.

மற்ற நாளில் அவன் எழுந்திருக்கும் நேரம் அவளுக்குத் தெரியாது. அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். குழந்தை கத்தும்போதுதான் கண் விழிப்பாள், அதற்குள் அவன் தெருமுனை தாண்டியிருப்பான்.

இன்று எல்லாம் கேட்டது. குழாயில் நூல் மாதிரி தண்ணீர் விழுந்தது. அவன் சட்டையை உதறாமல் போட்டுக்கொண்டான். செருப்பைக் கையில் எடுத்தான். அவள் கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். இப்போது போவான், இப்போது அழும். அழட்டும். நான் எழுந்திருக்கக் கூடாது. அம்மாவை மன்னிச்சுடுடா கண்ணு.

காலடி வாசல்வரை போனது. எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் திறந்திருக்கும் என்று நினைத்தாள்.

ஆனால் காலடி திரும்பி வந்தது. தொட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. போர்வையைச் சரிசெய்கிறான் போலிருக்கிறது.

பிறகு, குழந்தையின் காதுக்குள் ஊதுவது மாதிரி அவன் குரல் கேட்டது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணைத் திறந்து அப்பாவைப் பாரு சேவலு, நாளையிலிருந்து உன்னை எழுப்ப மாட்டேன்."