கொக்கி இல்லாமலா?

கொக்கி விழுந்தபோது பந்து அவன் பக்கத்திலேயே இல்லை. யாரும் இடிக்கவும் இல்லை. மைதானத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று நெஞ்சில் கை வைத்தான். முட்டி மடங்க, புல்லில் குப்புற விழுந்தான்.

"நிறுத்துங்கடா ஆட்டத்தை!" என்று கத்திக்கொண்டே ஓடினார் கோச். ஸ்ட்ரெச்சர் வரட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, மாடிப்படி ஏறி, முகாமின் மருத்துவ அறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

கோச் வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி நின்றார். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது தோள் விண்விண் என்று தெறித்தது. வளர்ந்த ஆளைச் சுமந்தால் சும்மாவா? பயத்தில் வாய் உலர்ந்து, வயிற்றைப் புரட்டியது.

உலகக் கோப்பைக்கு அவர்கள் நாட்டு அணி தேர்வானது இதுதான் முதல் தடவை. வரும் வாரம் விமானம் ஏற வேண்டும். எதிர்த்து ஆடப்போகும் மூன்று அணிகளும் மலை மாதிரி. காலை வளைத்துப் பந்தைக் கொத்திக்கொண்டு போகும் கொக்கி ஒருவனை நம்பித்தான் மொத்த அணியும் இருந்தது. "அவன் ஆடினால் உண்டு, இல்லாவிட்டால் முதல் வாரமே மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று டிவியில் தினமும் அலசிக் காயப்போட்டார்கள்.

கோச்சுக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது. "தலை சுத்துது சார், கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று காலையில் அவன் கேட்டதும், "அப்புறம் உட்காரலாம், இப்ப ஓடுடா" என்று தான் விரட்டியதும் மட்டும்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன.

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் முகம் சரியாக இல்லை.

"சார், முதல்ல உள்ள வந்து உட்காருங்க."

"உட்கார்ற நிலைமையிலயா இருக்கேன்? பையன் எப்படி இருக்கான்?"

"முழிச்சுட்டான். பேசறான். ஆனா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து விமானம் ஏறப்போற எல்லாருக்கும் ஹார்ட் டெஸ்ட் எடுத்தோமில்ல? அதுல ஒரு ரிசல்ட் இப்பதான் வந்துச்சு. நல்லா இல்ல சார்."

நேற்று பையன்கள் டெஸ்ட் மெஷினுக்குப் பயந்து ஒருவன் முதுகில் ஒருவன் ஒளிந்தபோது, "இதுக்கே இப்படியாடா?" என்று கோச்தான் முதல் ஆளாகப் படுத்துக் காட்டினார். கடைசியாகச் சிரித்துக்கொண்டே போனவன் கொக்கி.

டாக்டரம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோச்சின் போன் அலறியது. கால்பந்துச் சங்கச் செயலாளர்.

"கொக்கி விழுந்துட்டானாமே? அவன் இல்லாம அங்க போய் என்னய்யா பண்றது? கூடை கூடையா கோல் வாங்கிட்டு வரவா? என்ன செய்வீங்களோ தெரியாது, அவனை நிக்க வைங்க!"

கோச் போனை வைத்தார்.

"டாக்டர், ஒரே ஒரு மேட்ச்... மாத்திரை கீத்திரை கொடுத்து ஓட வைக்க முடியாதா?"

"ஓடவே வேணாம் சார். அந்தக் கூட்டம், அந்தச் சத்தம், அந்த டென்ஷன். அங்க போய் நின்னாலே போதும். எந்த நிமிஷமும் ஹார்ட் நின்னுடலாம்."

நிறைந்து வழியும் மைதானம் திடீரென்று வாயடைத்துப் போவதும், புல்லில் கிடக்கும் ஒருவன் எழுந்திருக்காமலே இருப்பதும் கோச்சின் கண்முன் வந்தன. "உங்களை நம்பித்தான் சார் அனுப்பறேன்" என்று கொக்கியின் அம்மா சொன்ன முகமும் வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். இப்படி ஒரு இதயத்தோட யாரும் என் டீம்கூட வரக் கூடாது. தோத்தா தோத்துட்டுப் போறோம். ஊரே சேர்ந்து என்னைத் திட்டட்டும்."

"அடம் பிடிப்பார் சார். நாடே காத்துக்கிட்டிருக்கு, நான் போகாம எப்படின்னு கேப்பார்."

"கேக்கட்டும். ஆஸ்பத்திரியில படுக்க வச்சுக் கதவைப் பூட்டுங்க. திமிறினா கட்டிலோட கட்டிப் போடுங்க. உயிரைவிடவா கோப்பை பெருசு?"

"இதுதான் உங்க முடிவா? பின்னால மாத்த மாட்டீங்களே?"

"மாத்த மாட்டேன். என் உத்தரவுன்னே வச்சுக்குங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கதவை முழுக்கத் திறந்தார்.

உள்ளே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட்டை மொக்கிக்கொண்டிருந்தான் கொக்கி. கோச்சைக் கண்டதும் பாக்கெட்டைத் தலையணைக்கு அடியில் திணித்தான்.

"அவனுக்கு வெறும் வெயில் மயக்கம் சார். நாளைக்கே ஓடுவான்" என்றார் டாக்டரம்மா.

கோச்சுக்குப் புரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். டாக்டரம்மா மெதுவாக அவர் கையைப் பிடித்து, விரிப்பு மாற்றி வைத்திருந்த பக்கத்துக் கட்டிலுக்கு அழைத்துப் போனார்.

"படுங்க சார். அந்த ரிசல்ட் உங்களோடது."