சீனி எங்கை?

"டை கட்டச் சொன்னால் தூக்குக் கயிறு கட்டினமாதிரி நிக்கிறியள். கண்ணாடியிலை போய்ப் பாருங்கோ!"

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளோறியா அதட்டினாள். சிவானந்தன் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். டை முடிச்சு மூன்றாம் தடவையும் அவிழ்ந்தது.

அவிழாமல் என்ன செய்யும்? எஸ்பியர்க் என்ற டெனிஷ் நகரத்து மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்ற நிலையில் மீன் வெட்டியவன். தொழிலாளரை மேற்பார்க்கப் புதுப் போர்மன் தேடுகிற நேரம் பார்த்து முதலாளியம்மா கிர்ஸ்டன் அவனிடம் வந்து, "சனிக்கிழமை மூண்டு மணிக்கு உன்ரை வீட்டை வாறன். குடும்பத்தைப் பற்றிக் கதைக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பொழிப்புரை சொன்னவன் பக்கத்து வீட்டு லோரன்ஸ். அது எண்பத்தெட்டாம் ஆண்டு.

"இது பரீட்சையடா மச்சான். எங்கடை பெடியளிலை அரைவாசிப்பேர் மனுசியைக் கூப்பிட வழியில்லாமல் தனிக்கட்டையா நிக்கிறாங்கள். விசா குடுக்கிற அமைச்சிலை கோப்பு அசையுதில்லை. ஒரு குடும்பத்தையே நடத்தாதவனை நம்பி நாப்பது பேரை ஆர் விடுவினம்? குடும்பஸ்தன் எண்டு காட்டு, போர்மன் நீதான்!"

லோரன்ஸின் யோசனையால் உருப்பட்டவர் எஸ்பியர்க்கில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் அது யாருக்கு ஞாபகம் வந்தது?

மூன்று மணி என்றால் நாலரை என்பது நம்மவர் கணக்கு. ஆனால் மூன்று அடிக்க வாசல் மணியும் அடித்தது. கதிரையில் ஏறி நின்று சுவரில் எதையோ கழற்றிக்கொண்டிருந்த லோரன்ஸ் திடுக்கிட்டுப் போனான். உடுத்திருந்தது வெறும் சாரம். கழற்றினதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திவிட்டான்.

கிர்ஸ்டன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையில் மண்ணிறக் கடித உறை, மறு கையில் பேனை. கிளோறியாவைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"உன்ரை மனுசியோ? எப்ப வந்தவ?" என்று டெனிஷில் கேட்டார்.

"போன... போன மாசம்" என்றான் சிவானந்தன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! எவ்வளவு சந்தோசம்!" கிர்ஸ்டன் கிளோறியாவைக் கட்டியணைத்தார். பிறகு உறையையும் பேனையையும் கைப்பைக்குள் வைத்து மூடினார். வேறு கேள்வியே கேட்காமல் பாஸ் போட்டுவிட்டார் என்று சிவானந்தன் நினைத்தான்.

கிளோறியா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். ஓர் அலுமாரி திறபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது திறபட்டது. நாலாவதும் திறபட்டது.

"இஞ்சாருங்கோ, சீனி எங்கை?"

"அரிசி வாளிக்குப் பின்னாலை, பழைய கோப்பிப் போத்திலுக்கை!"

"என்னவாம்?" என்றார் கிர்ஸ்டன்.

"சீனி எங்கையெண்டு கேக்கிறா..." சிவானந்தன் டையைத் தளர்த்தினான். வீட்டுக்காரிக்குச் சீனி இருக்கிற இடம் தெரியாதென்றால் அது என்ன குடும்பம்? போச்சு, போர்மன் வேலை போச்சு.

கிர்ஸ்டன் கைதட்டிச் சிரித்தார். "என்ரை வீட்டிலையும் இதே கதைதான்! தொழிற்சாலையிலை எந்த ஆணி எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும். வீட்டிலை சீனி எங்கையெண்டு தெரியாது. சமையல், பிள்ளையள் எல்லாம் என்ரை மனுசன்தான். இஞ்சை நீயோ சமைக்கிறனி?"

"ஓம். ரெண்டு வருசமா நான்தான்." அன்று அவன் சொன்ன முதல் உண்மை அது.

படுக்கையறைக்குள் யாரோ பெரிதாகத் தும்மினார்கள்.

"பூனை" என்றான் சிவானந்தன்.

"பூனை இப்பிடித் தும்முமோ?"

"எங்கடை பூனை தும்மும்."

தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிந்தன. கிர்ஸ்டன் எழும்பி, சுவரில் தனியே நின்ற வெறும் ஆணியை ஒருக்கால் பார்த்தார். கைப்பையை எடுத்தார். ஆனால் போர்மன் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிவானந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், அந்தப் போர்மன் வேலை..."

"அதோ? அது உனக்குத்தானெண்டு போன கிழமையே முடிவெடுத்திட்டன். உன்ரை வேலையைப் பார்த்துத் தாற பதவிக்கு வீட்டிலை வந்து என்னத்தைப் பாக்கிறது? நான் வந்தது வேறை அலுவல்."

கிர்ஸ்டன் கைப்பையைத் திறந்து உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். கீழே வரிவரியாகக் கையெழுத்துகள்.

"உன்ரை மனுசியை யாழ்ப்பாணத்திலையிருந்து வர விடச் சொல்லி அமைச்சுக்கு எழுதின கடிதம். என்ரை மனுசன் சமையலுக்கு நடுவிலை இருந்து டைப் அடிச்சவர். தொழிற்சாலை முழுக்கக் கையெழுத்து வைச்சிட்டினம். உன்ரை ஒண்டுதான் குறை. இனி என்னத்துக்கு? அவதான் வந்திட்டாவே!"

சிரித்துக்கொண்டே கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மேல் விளிம்பு சர்ரென்று கிழிந்தது.

"ஐயோ, நில்லுங்கோ! கிழியாதேங்கோ!"

சிவானந்தன் கத்தினான். ஒரே பாய்ச்சலில் போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளித் திறந்தான். உள்ளே சாரத்தோடு, சிவானந்தனின் கல்யாணப் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி லோரன்ஸ் முழித்துக்கொண்டு நின்றான்.

"டேய், வெளியிலை வந்து உன்ரை மனுசியைக் கூட்டிக்கொண்டு போடா!"