விரல் போட்ட கணக்கு

"மூணே மூணு அழுத்து. அப்புறம் அவ தொண்டை படற பாட்டை உட்கார்ந்த இடத்துலயே வேடிக்கை பார்க்கலாம்" என்று பெரியவளின் காதைக் கடித்தாள், குழுவில் கூடப் பாடும் தையல்காரி.

"சும்மா இருடி. ஆலயத்துல நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்றாள் பெரியவள். ஆனால் காதை நகர்த்திக்கொள்ளவில்லை.

பாடகர் குழுவின் அறையில் எல்லாரும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் பெரியவளின் ஓரகத்தி, சின்னவள். திருவிருந்துக்கு முன் வரும் தனிப்பாட்டு இன்று அவளுடையது.

அது பெரியவளின் பாட்டு. வருஷக்கணக்காக அவள் பாடி, சபையே கண்ணைத் துடைத்துக்கொண்ட பாட்டு. கழுத்தில் வந்த கட்டியை அறுத்தெடுத்தபோது உயிர் தங்கியது. மேல் சுருதி போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் ஆலயத்தில் பாட வாய் திறக்கவில்லை. கீபோர்டு வாசிப்பதோடு சரி. குழுவை நடத்தும் மாஸ்டர் பாட்டைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சின்னவள் சிரித்தாலும் குற்றம், தும்மினாலும் குற்றம்.

"போன வாரம் துணி மடிச்சுக்கிட்டே அந்தப் பாட்டை முனகிட்டிருந்தேன். கதவோரமா நின்னு ஒட்டுக்கேட்கிறாடி! 'நிறுத்தாதீங்கக்கா, மூணாவது வரியை எப்படி எடுக்கிறீங்க'ன்னு கேள்வி வேற. பாட்டைப் பிடுங்கினது பத்தாதாம், அதோட நெளிவு சுளிவையும் பிடுங்கணுமாம்."

"அதான் சொல்றேன், ஏத்தி விடு. மாஸ்டர் கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் கீபோர்டோட லட்சணம் சபைக்கே தெரியுமே!"

அது உண்மைதான். சுருதியை ஒவ்வொரு படியாக ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் சின்னத் திரை செத்து வெகுகாலமாயிற்று. விரல் போட்ட கணக்குதான் கணக்கு.

சின்னவள் அருகில் வந்தாள். "அக்கா, கீபோர்டை நானே போய் ஆன் பண்ணி வெச்சிட்டேன். பக்கத்துல ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு."

"வாசிக்கிற விரலுக்கு எதுக்கு வெந்நீர்? பாடப் போறவ நீ குடி."

சின்னவள் சிரித்தாள். பெரியவளுக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது.

ஆராதனை தொடங்கியது. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் பழைய ஆர்கன் இருந்தது. தனிப்பாட்டுக்கு மட்டுமே கீபோர்டு. பிரசங்கம் முடிந்து சபை எழுந்து நின்ற சலசலப்பில், பெரியவளின் விரல் தானாகப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. ஏற்றியாயிற்று. தையல்காரி கண்ணைச் சிமிட்டினாள்.

பரமண்டல ஜெபம். எல்லாரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்னும் வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. விரலால் ஒன்றைச் செய்துவிட்டு வாயால் இதை எப்படிக் கேட்பது?

கண்ணைத் திறந்தாள். எதிரே ஃபிளாஸ்க். அவள் திறக்கச் சிரமப்படுவாள் என்று மூடி பாதி தளர்த்தியிருந்தது. பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இதே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவள் சின்னவள்தான்.

'ஆண்டவரே, என் வயிற்றெரிச்சல் தீரவில்லை. இந்தக் கையையாவது பிடித்துக்கொள்ளும்.'

பொறாமை போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருந்தால் பாட்டே முடிந்துவிடும். எரிச்சலோடேயே இறக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டர் கையசைத்தார். முன்னிசையைத் தொடங்கிய பெரியவள் திடுக்கிட்டாள். சுருதி எங்கேயோ கீழே கிடந்தது! கூடுதலாக அழுத்திவிட்டேனா? இவ்வளவு கீழே சின்னவளுக்குக் குரலே வராதே!

சின்னவள் பாடவும் இல்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு நேராகக் கீபோர்டை நோக்கி வந்தாள். எல்லார் முன்னாலும் நியாயம் கேட்கப் போகிறாள் என்றே பெரியவள் நினைத்தாள். ஆனாலும் முன்னிசையை நிறுத்தவில்லை.

சின்னவள் குனிந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பெரியவளின் காதோடு சொன்னாள்:

"துணி மடிக்கும்போது நீங்க முனகின சுருதிதான்க்கா இது. காலையில நான்தான் மூணு படி இறக்கி வெச்சேன். மாஸ்டருக்கும் தெரியும். இது உங்க பாட்டு, நீங்களே பாடுங்க" என்று மைக்கை அவள் வாயருகே பிடித்தாள்.

தான் ஏற்றிய மூன்று படியை இறக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் யார் தொண்டை கிழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்த பெரியவள், கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், பாடத் தொடங்கினாள்.