மூன்றாவது கட்டத்தில் ஒரு புள்ளடி

“மூண்டாவது கட்டத்தில புள்ளடியைப் போடு பிள்ளை. போட்டுக் கையெழுத்தை வை,” என்றார் கிறிஸ்தோப்பர்.

எவ்லின் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ‘பெற்றோர் இருவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர்கள்’ என்று உதவித்தொகைப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. எழுத்தும் சின்னதில்லை, அப்பா கண்ணாடியும் போட்டிருந்தார். அம்மா பட்டம் பெறாதவள்தான், ஆனால் அப்பா?

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்துக்கு அவர் ‘கம்பஸ்’ கிறிஸ்தோப்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவர். எந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் சனம் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடும். தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் மண்டபத்தில் கைபிடி வைத்த கதிரைகள் இரண்டே இரண்டு. ஒன்று அவருக்கு, மற்றது ‘இஞ்சினியர்’ பென்ஜமினுக்கு. இது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

எவ்லின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த செமஸ்டருக்குப் பின்லாந்தில் இடம் கிடைத்திருந்தது. அங்கே எடுக்கும் புள்ளிகள் அப்படியே இங்கே அவளுடைய பட்டத்தில் சேரும், ஒரு நாள்கூட வீணாகாது. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பும் தேசிய முகமை உதவித்தொகையும் தருகிறது. ஆனால் அந்தக் காசு அங்குள்ள அறை வாடகைக்கே சரி. மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போட்டால் மாதம் இன்னும் இருநூற்றைம்பது யூரோ வரும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கென்றே முகமை ஒதுக்கி வைத்திருக்கும் பணம் அது.

அது இல்லாவிட்டால் பின்லாந்து இல்லை. படிவம் கொடுக்கக் கடைசி நேரம் திங்கள் மதியம். இன்றைக்குச் சனிக்கிழமை.

“இது பொய் அப்பா. சத்தியம் பண்ணிக் குடுக்கிற படிவம். பிடிபட்டா யூனியால கலைச்சு விடுவாங்கள்.”

“பிடிபட ஒண்டுமில்லை. நீ போடு.”

எவ்லின் பேனையைத் திறந்தாள், ஆனால் புள்ளடி போடவில்லை. பேக்கரியில் கூடுதலாக வந்த இருபது சென்டைத் திருப்பிக் கொடுக்க, ஏழு வயதில் அவளை மழைக்குள் நடத்திக் கூட்டிப்போன மனுசன் இவர். ரயிலில் டிக்கெட் பார்க்க ஆள் வராவிட்டால், தானே எழும்பித் தேடிப்போய்க் காட்டி விடுவாரோ என்று அம்மா பகிடி பண்ணுவாள். அப்படிப்பட்டவர் இருநூற்றைம்பது யூரோவுக்கு இப்படிச் சரிந்து விட்டாரே.

போன ஞாயிறு பென்ஜமின் மாமா மண்டபத்தில் பேசியது நினைவுக்கு வந்தது. அவருடைய மகள் பிறின்சியும் அதே யூனிதான். அவளுக்கு ஸ்பெயினில் இடம் கிடைத்தும் காசு போதாமல் விடப் போகிறாளாம். “நாங்கள் படிச்ச குடும்பம், உந்தச் சலுகையளுக்குப் போய் நிக்க ஏலாது,” என்று அவர் கைபிடிக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“பென்ஜமின் மாமாவைப் பாருங்கோ. பிள்ளை போகாட்டிலும் பரவாயில்லையெண்டு நேர்மையா நிக்கிறார்,” என்றாள் எவ்லின். சொன்ன கையோடு பேனையை மூடி வைத்தாள்.

கிறிஸ்தோப்பர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. நான் கம்பஸ் வாசலையே மிதிக்கேல்லை. கம்பஸ் போறதுக்கான ஏ.எல். சோதினையை ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் பெயில்.”

அவர் கதையை மெல்ல அவிழ்த்தார். வந்த புதிதில் அகதி முகாமில் கடிதம் வாசிக்க ஒருவரும் இல்லை. மீசை முளைத்தும் முளைக்காத பெடியனாக இருந்த அவர் கையில் தங்கள் விசாக் கடிதத்தைத் தர சனம் பயந்தது. பி.எஸ்ஸி. என்று ஒரு சொல் சொன்னார், உடனே தந்தார்கள். பிறகு அகராதியோடு மாரடித்து வாசிக்கப் பழகிக்கொண்டார். அந்தப் பட்டத்தை இறக்கி வைக்க இடம் தேடியே முப்பது வருசம் போய்விட்டது.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“கலியாணத்துக்கு முதலே சொன்னனான். அதுக்குப் பிறகும் ஓமெண்டவ.”

எவ்லினுக்குச் சிரிப்பு வந்தது. புள்ளடியைப் போட்டாள். முகமை இதை ஹம்மில் ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை, கவலைப்படாதேங்கோ என்று அப்பாவைத் தேற்றினாள்.

கிறிஸ்தோப்பர் தேறுகிற மாதிரித் தெரியவில்லை. இப்படி ஒரு கட்டம் இருப்பது எங்கட பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் தேநீரோடு இருக்கும்போது அவர் எழுந்தார். முகமை தரும் பணத்தைப் பற்றியும் மூன்றாவது கட்டத்தைப் பற்றியும் ஒரு வாத்தியாரைப் போல விளக்கினார். கடைசியில், தன் மகளுக்கு அது கிடைக்கும், ஏனென்றால் தன்னிடம் எந்தப் பட்டமும் கிடையாது என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கைபிடிக் கதிரையை விட்டு, பின்னால் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி விட்டார். பென்ஜமின் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். அப்பாவை முகத்துக்கு நேரே அவமதித்துவிட்டுப் போகப் போகிறார் என்று பயந்து எவ்லின் பிஸ்கட் தட்டோடு ஓடிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பென்ஜமின் வாசலுக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் கதிரைக்கு அருகே குனிந்து, கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்தார். பல தரம் விரித்து மடித்ததில் அதன் மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

“அண்ணை,” என்றார் காதுக்குள். “திங்கள் மத்தியானம் வரைக்கும் நேரமிருக்கெல்லோ? பிறின்சிக்கும் அந்த மூண்டாவது கட்டத்திலதான் புள்ளடி போடவேணும்.”